எஞ்சின் மேல் ஒரு விரல்

என் மச்சான் வாயைத் திறந்தா பாதி புளுகு. விரல் நீள மீனைப் பிடிச்சுட்டு முழ நீளம்னு கையை விரிப்பான். ஆனா இதை மட்டும் சுருக்கிச் சுருக்கித்தான் சொன்னான். அதனாலதான் நான் நம்புறேன். நடந்தது ராத்திரிகூட இல்லைங்க. பட்டப்பகல்!

மச்சானுக்குப் பொம்மை ரயில் ரிப்பேர் கடை. அன்னைக்குக் காலையில ஒரு பெரியவர் வந்து, நாற்காலியில உக்காந்து, காகிதத்துல சுத்தின குட்டி எஞ்சினை எடுத்து வெச்சார்.

"என் பையனோடது. கோவத்துல நான்தான் சுவத்துல அடிச்சேன். அன்னைக்கே வீட்டை விட்டுப் போயிட்டான். எத்தனையோ வருஷம் கழிச்சு இன்னைக்குச் சாயங்காலம் வர்றான். அதுக்குள்ள இது ஓடணும், தம்பி. மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் வராது. இது ஓடினா அவனுக்குப் புரியும்."

முரட்டுக் கிழம்தான். ஆனா கிளம்புறப்போ எஞ்சினை ஒரு தடவை தடவிக் கொடுத்துட்டுத்தான் போனாராம். மச்சான் மத்த வேலையெல்லாம் தள்ளி வெச்சுட்டான்.

மெதுவா ஓட விட்டா, எஞ்சின் விக்கல் வந்த மாதிரி விட்டு விட்டு இழுத்துச்சு. மோட்டாரைப் பிரிச்சான். கரண்டை உள்ளே கடத்துற கார்பன் துண்டு தேஞ்சிருந்துச்சு, மாத்தினான். பல்சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய். உள்ளே நகத்தளவு சர்க்யூட் ஒண்ணு இருக்கு. மோட்டார் திணறினா அதுவே கண்டுபிடிச்சுக் கரண்டைக் கூட்டிக் கொடுக்கும். அந்த செட்டிங்கையும் பார்த்துப் பார்த்து மாத்தினான். வட்டத் தண்டவாளத்துல எஞ்சின் எறும்பா ஊர்ந்துச்சு. மச்சானுக்கு ஒரே பெருமை.

கடைசியா ஒரு சோதனை உண்டு. ஓடுற எஞ்சின் மூக்குல விரலை லேசா வெச்சுத் தடுக்கணும். கரண்ட் மீட்டர்ல முள் ஏறணும். வேகம் குறையக் கூடாது.

மச்சான் எஞ்சின் மூக்கைத் துணியால துடைச்சுட்டு விரலை நீட்டினான்.

தொடலை. அதுக்குள்ள முள் ஏறிடுச்சு...

தண்டவாளம் மேடா இருக்கோன்னு மட்டம் பார்த்தான். சரியாத்தான் இருந்துச்சு. மறுபடி விட்டான்.

ம்ம்ம்ம்... மோட்டார் சத்தம் கனத்துச்சு. அதே இடம். பெரியவர் உக்காந்துட்டுப் போன காலி நாற்காலிக்கு நேரே.

தண்டவாளத்தையே திருப்பி வெச்சான். நாற்காலிக்கு நேரேதான் ஏறுச்சு.

நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்தினான்.

ம்ம்ம்ம்...

சத்தமும் இப்போ அந்தப் பக்கம்.

கரண்டை நிறுத்தினான். குனிஞ்சு பார்த்தான். துடைச்ச மூக்குல எண்ணெய்த் தடம். ஒரு விரல். மொட்டையா, வழவழன்னு... ரேகையே இல்லை.

ஒரே ஓட்டம்! வெளியே வெயில் கொளுத்துது, ஜனங்க போறாங்க வர்றாங்க. மச்சானுக்கு உள்ளே போகக் கால் வரலை.

கொஞ்ச நேரத்துல பெரியவர் வந்தார். சாயங்காலம் ஆகலை. கால்ல செருப்பு இல்லை.

"ரெடியாயிடுச்சுங்க..."

"அவன் வர மாட்டான், தம்பி. வர்ற வழியில... லாரி. மத்தியானம் ஃபோன் வந்துச்சு."

பெரியவர் உள்ளே போய் எஞ்சினைக் கையில எடுத்தார். மூக்குல இருந்த தடத்தையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"சின்னதுல கதவிடுக்குல நசுங்கிடுச்சு. சுட்டுவிரல் நுனி கிடையாது அவனுக்கு."

நடந்ததை மச்சான் இன்னும் அவர்கிட்டச் சொல்லவே இல்லை. பெரியவரே கேட்டார்.

"அவன் விரல் வெச்சப்போ... நிக்காம ஓடுச்சா?"

"ஓடுச்சுங்க. கொஞ்சங்கூட வேகம் குறையலை."