நாற்பத்தைந்தாவது முதல் நாள்

நைரோபியை அடுத்த திகா நகரில், கற்றாழை நாரில் சாக்கு நெய்யும் தொழிற்சாலை ஒன்றில், சியோம்புவா பதினோரு வருடமாகப் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருந்தாள். காகிதத்தில் அவள் பணியாளர் அலுவலகத்தின் தற்காலிக ஊழியர், தேநீர் போடுபவள். உண்மையில் அந்த அலுவலகமே அவள் தலையில்தான் ஓடியது. எந்தக் கோப்பு எந்த அலமாரியில், எந்த அலமாரிக்கு எந்தச் சாவி, சாவி தொலைந்த அலமாரியை எந்தக் கரண்டியால் நெம்ப வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மட்டும்தான் அத்துப்படி.

ஒருவரை மாதக்கணக்கில் தொடர்ந்து வைத்திருந்தால் நிரந்தரமாக்கு என்று சட்டம் கழுத்தைப் பிடிக்கும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளை வேலையை விட்டு நிறுத்தி ஒரு நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்த ஒரு நாளில் மேலாளர் ம்போகோரி ஆறு தடவையாவது போன் போட்டு முத்திரை எங்கே, மை எங்கே, சர்க்கரை எங்கே என்று கேட்பார். மறுநாள் அவள் முன்பின் தெரியாத பெண்ணாக விண்ணப்பத்தோடு வந்து நிற்பாள். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்பார் ம்போகோரி, கூச்சமே இல்லாமல். அவளும் சொல்லுவாள்.

அடுத்தது அறிமுகப் பயிற்சி. புதியவருக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது விதி. இரண்டு வருடம் காட்டினார்கள். பிறகு மேற்பார்வையாளருக்கு அலுத்துப்போய், "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீயே உனக்குக் காட்டிக்க" என்று படிவத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். வேறொருத்தியாக இருந்தால் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போயிருப்பாள். சியோம்புவாவுக்கு வேலையில் ஏமாற்றத் தெரியாது. "இது கழிப்பறை, இது முதலுதவிப் பெட்டி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தனியாகச் சுற்றி வருவாள். கடைசியில் "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்டு, மரியாதைக்குக் கொஞ்சம் காத்திருப்பாள். ஒருமுறை கேள்வி இருந்தது. தீப்பிடித்தால் ஓட வேண்டிய கதவு பூட்டிக் கிடந்தது. "பயிற்சி பெறுபவர் ஏன் என்று கேட்டார். பயிற்சி தருபவருக்குத் தெரியவில்லை" என்று படிவத்தில் எழுதி வைத்தாள். இன்றுவரை அதை யாரும் படித்ததில்லை.

இதையெல்லாம் சிரித்தே தள்ளியிருப்பாள், முழங்கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால். அறுவை சிகிச்சை செய்துதான் ஆகவேண்டும், அப்புறம் ஆறு வாரம் படுத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நிரந்தர ஊழியருக்கு மருத்துவமனை அட்டையும் உண்டு, நோய் விடுப்பும் உண்டு. அவள் ஆறு வாரம் படுத்தால் திரும்பி வர வேலை இருக்காது. இரண்டு வருடமாக அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் தேநீர்த் தட்டைத் தூக்கினாள்.

அவள் நாற்பத்தைந்தாவது முறையாகச் சேர்ந்த அன்று நைரோபியிலிருந்து நெகேசா என்ற பெண்மணி வந்தார். ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று தணிக்கை செய்யச் சொல்லி, சாக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பியிருந்தார்கள். அவர் அறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதும், நிறுவனம் செய்தே தீரவேண்டும். அவரிடம் எப்படியாவது பேசிவிட வேண்டும் என்று சியோம்புவா வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். ம்போகோரி அவளை வாசலிலேயே மடக்கினார். மகன் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார்.

"முசியோகா அம்மா, இங்க வா. அந்தம்மா ஏதாவது கேட்டா, இன்னைக்குத்தான் சேர்ந்தேன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை வரக்கூடாது."

"பதினோரு வருஷம் பாஸ்..."

"பொய்யா சொல்லச் சொல்றேன்? காகிதத்துல அப்படித்தானே இருக்கு? மீறிப் பேசினே, இனிமே நீ புதுசாக்கூடச் சேர முடியாது."

மகன் முசியோகா பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து மீசை முளைத்தது வரை சியோம்புவா இந்த ஆளுக்குத் தேநீர் ஆற்றியிருக்கிறாள். "சரி பாஸ்" என்றாள். அந்தச் சரியை அவர் அப்போது சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

நெகேசா மேசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "விடுப்புப் பதிவேடு காட்டுங்க."

"முசியோகா அம்மா, விடுப்புப் பதிவேட்டை எடுத்துட்டு வா."

"எங்க இருக்குன்னு தெரியாதே பாஸ். இன்னைக்குத்தான் சேர்ந்தேன்."

"பாவம், முதல் நாள்" என்றார் நெகேசா. "நீங்களே எடுங்க சார்."

ம்போகோரி முதல் அலமாரியைத் திறந்தார். உள்ளே கிறிஸ்துமஸ் தோரணமும் ஒரு கால்பந்துக் கோப்பையும் இருந்தன. இரண்டாவது திறக்கவே இல்லை. காலால் உதைத்துப் பார்த்தார், தோளால் முட்டிப் பார்த்தார். கரண்டி அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. சியோம்புவா கையைக் கட்டிக்கொண்டு, புதுப்பெண் மாதிரி பணிவாக நின்றாள்.

"தேநீராவது போடு!" என்றார் அவர் மூச்சு வாங்க.

"சமையலறை எந்தப் பக்கம் பாஸ்? யாரும் காட்டலையே."

நெகேசாவின் பேனா ஓடியது. "புதியவருக்கு அறிமுகப் பயிற்சி இல்லை" என்று எழுதிக்கொண்டே வாசித்தார்.

"இருக்கு மேடம்! எல்லாருக்கும் உண்டு!"

"அப்ப இந்தம்மாவுக்கு இப்பவே கொடுங்க. நான் கூட வர்றேன்."

மூவரும் கிளம்பினார்கள். "இது சமையலறை" என்று ம்போகோரி திறந்த கதவுக்குள் விளக்குமாறுகள் இருந்தன. "இது பெண்கள் கழிப்பறை" என்று திறந்த இடத்தில் காவலாளி உட்கார்ந்து எண்ணெயில் பொரித்த மண்டாஸி தின்றுகொண்டிருந்தார். கழிப்பறையை இடம் மாற்றி நான்கு வருடமாகிறது. ஒவ்வொன்றுக்கும் சியோம்புவா "சரி பாஸ், ஞாபகம் வெச்சுக்கறேன் பாஸ்" என்றாள். அவளுக்கு முழங்கால் வலி மறந்தே போயிருந்தது.

தறிக் கூடத்தில் ம்போகோரி சுவரைக் காட்டி, "இது முதலுதவிப் பெட்டி" என்றார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"எது பாஸ்?" என்றாள் சியோம்புவா. "ஆணியா?"

அவ்வளவுதான். "என்னைக் கேக்கிறியா?" என்று ம்போகோரி கத்தினார். "எங்க மாத்தி வெச்சே? பதினோரு வருஷமா இதையெல்லாம் நீதானே பார்த்துக்கிறே!"

தறிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நெகேசா குறிப்பேட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார்.

"எத்தனை வருஷம்னு சொன்னீங்க?"

ம்போகோரி அந்த ஆணியைத் தடவத் தொடங்கினார். நெகேசா சியோம்புவாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

"நான் வாய் திறக்கக் கூடாது மேடம்" என்றாள் சியோம்புவா. "பாஸ் சொன்னதையே எழுதிக்கோங்க."