காய்ச்சல் பெட்டி இரண்டான கதை

எங்கள் கம்பெனியில் காய்ச்சல் பெட்டி என்று ஒன்று இருந்தது. ஆம்பூரில் தோல் பதனிடுகிற கம்பெனி. சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஆளுக்கு ஓரணா அந்தத் தகரப் பெட்டியில் போட வேண்டும். யாராவது உடம்புக்கு முடியாமல் படுத்தால் பாதிக் கூலி பெட்டியிலிருந்து வரும். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக ரயில் சார்ஜும் வரும். முதலாளி ஒரு தம்பிடி போட்டதில்லை, சர்க்காரும் போட்டதில்லை. யோசனை என் வீட்டுக்காரருடையது. அதனால் பெட்டியும் எங்கள் வீட்டில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது.

அவரும் நானும் பட்டைக் கொட்டகையில், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்தோம். என் அண்ணன் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தான். தோலில் மயிர் கழல அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஆட்கள் உள்ளே இறங்கிப் புரட்டுவார்கள். அந்தத் தண்ணீர் ஆட்டுத்தோல், ஆள்தோல் என்று பேதம் பார்க்காது.

முதல் வருஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது சீட்டு ஒன்றுதான். சீட்டில் பணம் கட்டிய எல்லாருக்கும் ஒரு முறை வந்தே தீரும். காய்ச்சல் பெட்டியையும் அவர்கள் அப்படியே நினைத்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் நோய் வராதவன்தான் நஷ்டப்பட்டவன்.

"நானும் ரெண்டு வருசமா போடறேன். என் முறை எப்ப வரும்?" என்று பட்டைக் கொட்டகைக்காரர் ஒருவர் என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"உனக்கு நோவு வந்தா வரும்."

"வர்லன்னா?"

அடுத்த வாரமே அந்த மனிதருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவருக்குச் சரியானதும் பக்கத்து ஆளுக்குப் பிடித்தது. இப்படியே கொட்டகை முழுக்க வரிசையாக இடுப்புகள் பிடித்தன. திருடுகிறோம் என்று ஒருத்தரும் நினைக்கவில்லை, தங்கள் முறையைத்தான் எடுத்தார்கள். அடுத்த இடுப்பு யாருடையது என்று பெண்கள் நாங்கள் கேலி பேசிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

பெட்டி காலியானதும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். இடுப்பைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் சுண்ணாம்புக் குழிக்காரர்களைப் பற்றியே பேசினார்கள். "அவங்கதான் ஜாஸ்தி எடுக்கறாங்க. நாங்க போடறத அவங்க திங்கறாங்க" என்றார் முதலில் இடுப்புப் பிடித்த அதே மனிதர். ஜாஸ்தி எடுத்தது நிஜம்தான். குழியில் நிற்பவர்கள் அவர்கள், புண் அவர்களுக்குத்தான் வரும். அவர்கள் இறங்காவிட்டால் எங்களுக்குப் பட்டை இடிக்கிற வேலையே இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. பெண்களை யாரும் கேட்கவும் இல்லை.

என் வீட்டுக்காரர் புதுச் சட்டம் சொன்னார். பட்டைக்கு ஒரு பெட்டி, குழிக்கு ஒரு பெட்டி. தீபாவளிக்கு எந்தப் பெட்டியில் மிச்சம் இருக்கிறதோ அதை அந்தப் பெட்டிக்காரர்கள் பிரித்துக்கொள்ளலாம். கெட்டிக்கார யோசனைதான். கொட்டகையில் இடுப்புகள் எல்லாம் ஒரே வாரத்தில் குணமாகிவிட்டன.

அன்று கூட்டத்தில் அண்ணன் எழுந்து, "எங்க செலவ நாங்க பாத்துக்கறோம், மாப்ள. யாரு காசும் எங்களுக்கு வாணாம்" என்றான். திங்கறாங்க என்ற சொல் அவனைச் சுட்டுவிட்டது. அவன் ரோஷத்தைப் பார்த்து எனக்கும் அப்போது பெருமையாக இருந்தது.

குழிப் பெட்டி நிறையவே இல்லை. போடுபவர்கள் கொஞ்சம், படுப்பவர்கள் நிறைய. ஆடி மாதம் அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே, மயிர் வழிக்கிற கத்தி கிழித்துவிட்டது. படுக்கலாம் என்றால் பெட்டியில் ஒன்றும் இல்லை, வீட்டில் மூன்று பிள்ளைகள். எண்ணெய் தடவித் துணியைச் சுற்றிக்கொண்டு அதே சுண்ணாம்புத் தண்ணீரில் இறங்கினான்.

நான் போய்ப் பார்த்தபோது புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன்.

"இன்னாங்க, அண்ணனுக்குக் கால் வீங்கிப் போச்சு. நம்ம பெட்டி நெறைய இருக்குதே."

"அது பட்டைக்காரங்க காசு. மச்சானுக்குன்னு எடுத்துக் குடுத்தா என்னை இன்னான்னு பேசுவாங்க?"

"கடனாவாவது குடுங்க."

"சட்டம் போட்டவனே நான். நானே ஒடைக்கிறதா?"

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பேஜார். கையில் இருந்த கூலியை அப்படியே கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்தார். அதில் அண்ணன் இரண்டு நாள் படுத்தான். அந்தக் கால் ஆற ஒரு மாதம் வேண்டியிருந்தது. ஒரு வீட்டுக் கூலி அதைத் தாங்காது என்றுதானே பெட்டியே வைத்தோம்.

மறுபடி குழிக்குப் போனான். காய்ச்சல் கண்டு நினைவு தப்பின பிறகு தூக்கிக்கொண்டு வேலூருக்கு ஓடினோம். முதலிலேயே வந்து காலை நனைக்காமல் வைத்திருந்தால் ஆறியிருக்கும் என்றார் டாக்டர். முழங்காலோடு காலை எடுத்தார்கள்.

தீபாவளிக்குப் பட்டைப் பெட்டியைத் திறந்தார்கள். எல்லாருக்கும் பங்கு வந்தது. எங்கள் பங்கில் இவர் எனக்கு அரக்குக் கலரில் புடவை எடுத்து வந்தார். கல்யாணமான நாளிலிருந்து தீபாவளிப் புடவை எனக்கு அண்ணன்தான் எடுப்பான். இவருக்கும் அது தெரியும். அந்தக் குறை தெரியக் கூடாது என்றுதான் எடுத்திருக்கிறார். கட்டிக்கொள்ள மனம் வரவில்லை. நல்ல நாளில் வேண்டாமென்று சொல்லவும் வாய் வராமல் கட்டிக்கொண்டேன்.

மத்தியானம் அண்ணன் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தான். வாசலில் நின்று என்னைப் பார்த்தான்.

"இந்த வருசம் என்னால எடுக்க முடியல தங்கச்சி. மாப்ள எடுத்துக் குடுத்துட்டாரா? அது போதும்" என்றான்.

எந்தக் காசில் எடுத்தது என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உட்காரச் சொல்லிச் சோறு போட்டேன்.