பலகையின் முதல் வரி

எங்கள் இராசபாளையக் கல்லூரியின் முன்கட்டில், மாடிப்படிக்கு எதிர்ச் சுவரில், ஒரு தேக்குப் பலகை தொங்குகிறது. கறுப்பு வண்ணம் பூசிய அதன்மேல், கல்வி மையத்தின் ஒருங்கிணைப்பாளராக இருந்தோரின் பெயர்கள் மஞ்சள் எழுத்தில் எழுதப்பட்டுள்ளன. அவ்வரிசையில் என் பெயர் இல்லை. இருக்க வேண்டும் என்று பல்லாண்டுகள் ஏங்கினேன். அவ்வேக்கம் இன்று தணிந்துவிட்டது என்று எழுதினால், முதல் பத்தியிலேயே பொய் சொன்னவன் ஆவேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. அஞ்சல்வழி நாடெங்கும் பாடம் நடத்தும் தேசியப் பல்கலைக்கழகம் ஒன்று, தன் கல்வி மையங்களுள் ஒன்றை எங்கள் கல்லூரியில் அமைக்க இசைந்தது. அதன் தலைமைப் பதவிகள் தில்லியில் தொடங்கி எங்கள் ஊர் வரை இறங்கி வந்தன. உச்சியில் பார்வையாளர் என்னும் பெயரோடு குடியரசுத் தலைவர், அவருக்குக் கீழே துணைவேந்தர், அவரது சுமையைப் பகிர்ந்துகொள்ள இணைத் துணைவேந்தர்கள், பதிவாளர், மதுரையில் மண்டல இயக்குநர், எல்லோருக்கும் கீழே, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உயிர்பெறும் பதவியாக, மையந்தோறும் ஓர் ஒருங்கிணைப்பாளர். ஏணியின் கடைசிப் படிதான். ஆயினும் அதே ஏணியின் உச்சியில் நிற்பவர் குடியரசுத் தலைவர் என்னும் நினைப்பு, தமிழாசிரியனாகிய எனக்குச் சற்றே போதையூட்டியது.

முறையான ஆணை வரும்வரை மூத்தவர் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும் என்று கல்லூரி முதல்வர் அப்பணியை என்னிடம் ஒப்படைத்தார். அடைமழைக் காலத்தில் ஏற்றேன். மாம்பழக் காலத்தில் இறக்கி வைத்தேன். இடைப்பட்ட மாதங்களில், தில்லியிலிருந்து வந்த பாடநூற்கட்டுகளை நனையாமல் கொண்டுவந்து அடுக்கியவன் நான். நூற்பாலைத் தொழிலாளரும் வங்கி எழுத்தரும் கடைக்காரரும் மாணவராகச் சேர்ந்தபோது அவர்களுக்கு வகுப்பறை ஒதுக்கியவனும் நானே.

அம்மாதங்களில் இன்னொன்றும் செய்தேன். மையத்தின் தொடக்க விழா மலருக்காக, அப்பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவிகள் தோன்றி வளர்ந்த வரலாற்றை நீண்ட கட்டுரையாக எழுதினேன். தில்லிக்கு மடல் மேல் மடல் எழுதி ஆண்டறிக்கைகளை வரவழைத்தேன். பதிவாளரிடமே இருந்த தேர்வுப் பணி எவ்வாறு பிரிந்து தனிப் பதவியானது, ஒரு துணைவேந்தர் விலகி மற்றொருவர் அமரும் வரை யார் கையெழுத்திட்டார் என்றெல்லாம் ஆராய்ந்தேன். பதவி வகித்தோரை முதலாமவர், இரண்டாமவர் என்று எண்ணி வரும்போது ஓர் இடர் எழுந்தது. இடையில் சில காலம் பொறுப்பில் மட்டும் இருந்த பேராசிரியர் ஒருவரை எண்ணிக்கையில் சேர்ப்பதா, விடுவதா? நெடுநேரம் சிந்தித்து, விடுவது என்று முடிவு செய்தேன். காரணத்தையும் எழுதினேன்: ‘பேருந்து இருக்கையில் சன்னல்வழியே துண்டு போட்டு இடம் பிடித்தவரைப் பயணி என்று கொள்வதில்லை, அங்ஙனமே, பொறுப்பில் இருந்தோர் பதவி வகித்தோர் ஆகார்.’ எழுதி முடித்தபோது அவ்வாக்கியத்தின் வடிவத்தைக் கண்டு நானே மகிழ்ந்தேன். முறையான ஆணை என் பெயருக்கே வரும் என்று அப்போது உறுதியாக நம்பியிருந்தேன்.

ஆணை வந்தது. என் பெயருக்கு அன்று. திருவில்லிபுத்தூரிலிருந்து நாள்தோறும் ஸ்கூட்டரில் வரும் பொருளியல் ஆசிரியர் ஒருவர் பெயருக்கு. அகவையில் என்னினும் இளையவர். பணியில் சேர்ந்ததும் எனக்குப் பின்னரே.

ஆணைக்கு முன் மதுரையில் நடந்த நேர்காணலுக்கு இருவரும் ஒரே பேருந்தில்தான் சென்றிருந்தோம். திரும்பும் வழியில், இயக்குநர் கேட்டதை அப்பொருளியல் ஆசிரியரே சிரித்துக்கொண்டு சொன்னார். “மாணவர்கள் வகுப்புக்கு வராவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்ற வினா எங்கள் இருவரிடமும் கேட்கப்பட்டிருந்தது. நான் அதற்கு, ஒருங்கிணைப்பாளர் பதவியின் தோற்றத்தையும் நோக்கத்தையும் விரித்துரைத்திருந்தேன்.

“நீங்க என்ன சொன்னீய?” என்றேன்.

“மில்லுல சிப்டு மாறுற நேரத்துக்குக் கேட்டுல போய் நின்னுக்கிடுவேன்னேன், அண்ணாச்சி. அம்புட்டுத்தான். அந்த மனுசன் பேனாவை மூடி வச்சிட்டாரு.”

சொன்னபடியே நின்றார். அதுதான் பொறுக்க முடியாதது. சொல்லிவிட்டுச் செய்யாதிருந்தால் நான் எவ்வளவு அமைதியாக உறங்கியிருப்பேன்! ஆலைச் சங்கு ஊதும் நேரம், பஞ்சுத் தூசு படிந்த தலைகளோடு தொழிலாளர் வெளிவரும்போது, அவர் வாயிற்புறத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, “ஏலே, ஞாயித்துக்கிழமை வரலைன்னா உன் வீட்டுக்கே வந்து பாடம் நடத்துவேன், சோறு நீதான் போடணும்” என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். நான் ஒதுக்கிய வகுப்பறைகள் அவர் காலத்தில் நிரம்பின. கல்லூரிக்குப் பின் தெருவில் ஆலை உரிமையாளர் ஒருவர் வளர்த்த வெள்ளை வேட்டை நாய், என்னைக் கண்டால் பல்லைக் காட்டும்; அவர் வண்டியின் ஓசைக்கு வாலை ஆட்டும். அந்த நாயின்மீதும் எனக்குச் சினம் இருந்தது.

மையத்துக்குத் தனி அலுவலக அறை கிடைத்ததும், அவர்தாம் அப்பலகையைச் செய்வித்தார். தலைமை வகிப்போர் பெயரை எழுதி மாட்டுவது எங்கள் பகுதிக் கல்லூரிகளில் நெடுநாள் வழக்கம். மாட்டிய அன்று மாலை, எல்லோரும் சென்றபின் தனியே நின்று பார்த்தேன். பெயர் வரிசை அவரிலிருந்தே தொடங்கியது. எழுத்தமைப்பிலும் குறை இருந்தது. தலைப்புக்கும் முதற்பெயருக்கும் இடையே ஒரு சாண் அளவு வெற்றிடம். கண்ணுக்கு உறுத்தலாக இருந்தது. ஒரு பலகையைக்கூட ஒழுங்காக எழுதுவிக்கத் தெரியவில்லை என்று எண்ணியது, அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

மறுநாள் ஆசிரியர் அறையில் பிறர் முன்னிலையில் கேட்டுவிட்டேன்.

“ஆறேழு மாதம் இந்த மையத்தை ஒருவன் சுமந்தான். பலகைக்கு அது தெரியாதோ?”

அவர் எழுந்து நின்றார். என்னிடம் பேசும்போது எப்போதும் எழுந்து நிற்பார். அந்தப் பணிவிலும் எனக்கு ஐயம் உண்டு.

“அண்ணாச்சி, துண்டு போட்டவரு பயணி இல்லேன்னு நீங்கதானே மலர்ல எழுதியிருக்கீய? நாலு தடவ படிச்சேன். உங்க எழுத்தை மீறி நான் எப்படி எழுதுவேன்?”

அறையே சிரித்தது. கேலி செய்தாரா, மெய்யாகவே என் விதிக்குக் கட்டுப்பட்டாரா என்பதை அவர் முகத்திலிருந்து அறிய முடியவில்லை. என் சொந்த வாக்கியம், அதன் பொருள் சிறிதும் சிதையாமல், என்னிடமே திரும்பி வந்திருந்தது. மறுத்துப் பேச வேண்டுமானால் என் கட்டுரையை மறுக்க வேண்டும்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அவரு எழுதினது தப்புங்கீயளா, நீங்க எழுதினது தப்புங்கீயளா?”

“இரண்டும் தவறில்லை.”

“பொறவு எதுக்கு மூஞ்சி இப்படிக் கெடக்கு? அம்புட்டு ஆசையா இருந்தா ஒரு பலகை செஞ்சு நம்ம வீட்டு வாசல்ல மாட்டிக்கிடுங்க. நானே எழுதித் தாரேன், என் எழுத்து ஒண்ணும் மோசமில்ல.”

ஆண்டுகள் சென்றன. அவர் காலத்தில் எங்கள் மையம், மதுரை மண்டலத்தில் பெயர் சொல்லும் மையம் ஆயிற்று. சேத்தூரிலிருந்தும் மலையடிவாரச் சிற்றூர்களிலிருந்தும் மாணவர் வந்தனர். துணைவேந்தரே ஒருமுறை வந்தார். அவ்விழாவில் பல்கலைக்கழகத் தலைமைப் பதவிகளின் வரலாற்றைப் பற்றி உரையாற்றும்படி என்னைத்தான் அழைத்தார் பொருளியல் ஆசிரியர். அரை மணி நேரத்துக்கு ஆயத்தம் செய்திருந்தேன். ஆனால் ஆலை உரிமையாளர், வணிகர், பழைய மாணவர் என ஒவ்வொருவராக வந்து அவருக்கும் விருந்தினருக்கும் பொன்னாடை போர்த்தியதிலேயே பொழுது கழிந்தது. தொடர்வண்டிக்கு நேரமாயிற்று என்று விருந்தினர் எழுந்தபோது நான் முன்னுரையில் இருந்தேன். பொருளியல் ஆசிரியர் தமக்குப் போர்த்திய ஆடைகளுள் ஒன்றை எடுத்து என் தோளில் இட்டார். வேறொருவருக்கு உரிய ஆடையின் கதகதப்பு அதில் இன்னும் இருந்தது. அதை நான் அதன்பின் ஒருநாளும் போர்த்திக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மதுரை மண்டல அலுவலகத்தில் துணை இயக்குநராக உயர்ந்து அவர் விடைபெற்றார். ஏணியில் ஒரு படி மேலே. நான் ஓய்வு பெறுவதற்கு ஓராண்டே இருந்ததால் ஒருங்கிணைப்பாளர் பதவி கணிதத்துறை ஆசிரியை ஒருவருக்குச் சென்றது. அவர் பெயரைப் பலகையில் சேர்க்கச் சேத்தூரிலிருந்து எழுத்தோவியர் வந்தார். முதலில் எழுதியவரும் அவரே. ஏணியில் ஏறி நின்றபடி என்னைப் பார்த்து, “சார், இப்பவாவது மேல் வரியை எழுதிரலாமா?” என்றார்.

“எந்த மேல் வரி?”

“இந்தா இதான்.” தூரிகையின் பின்முனையால் அந்த வெற்றிடத்தைத் தொட்டுக் காட்டினார். “உங்களுக்குன்னு அன்னைக்கே விடச் சொன்னாவ. எழுத்து அளவெல்லாம் கணக்குப் பண்ணித்தான் விட்டேன்.”

“விடச் சொன்னது யார்?”

“திருவில்லிபுத்தூர் சார்தான். ‘அண்ணாச்சியே வந்து, மலர்ல எழுதினதை மாத்திட்டேன்னு சொன்னா, அன்னைக்கு எழுது. அதுக்கு முன்னால எழுதினா அவிய எழுத்தை நாம மதிக்காத மாதிரி ஆயிரும்’னாவ. நீங்க வரவே இல்ல. நானும் ஒவ்வொரு தடவ இந்தப் பக்கம் வரும்போது பார்ப்பேன்.”

எழுத்தமைப்பின் குறை என்று நான் ஏளனம் செய்துவந்த இடம், எனக்காக விடப்பட்ட இடம். அதைக் கேட்டு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. பதவி அவருக்குக் கிடைத்தது, மாணவர் அன்பு கிடைத்தது, அந்த நாயின் வால்கூட அவருக்கே கிடைத்தது. இப்போது பெருந்தன்மையும் அவருக்கே கிடைத்துவிட்டதே என்றுதான் தோன்றியது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த ஒரு சாணை விட்டிருப்பேனா? அவ்வினாவை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

“செத்த பொறுங்க. சொல்லி அனுப்புதேன்” என்று எழுத்தோவியரிடம் கூறினேன்.

தற்செயலாக அப்போது என் கட்டுரை மறுபதிப்பாக மையத்தின் புதிய மலரில் வரவிருந்தது. அச்சுப்படி திருவில்லிபுத்தூர் அச்சகத்தில் காத்திருந்தது. மறுநாள் பேருந்தேறிச் சென்றேன். கோபுரம் தெரியும் தெருவில், மை மணக்கும் அச்சகத்தில், மரப்பெட்டி மேல் அமர்ந்து படித்தேன். துண்டு போட்டவர் பற்றிய வாக்கியம் வந்ததும் எழுதுகோல் நின்றது. ஒரே கோடு போதும். அடித்துவிட்டால், தில்லியில் பொறுப்பில் இருந்த அந்தப் பேராசிரியர் வரிசையில் வந்து சேர்வார்; முதலாமவர், இரண்டாமவர் என்ற என் எண்ணிக்கை முழுவதும் ஓரிடம் தள்ளிப்போகும்; இராசபாளையத்துப் பலகையில் என் பெயர் முதல் வரியில் ஏறும். திருவில்லிபுத்தூரில் ஒருவர் அதைக் கேட்டு, அதே சிரிப்போடு, ‘அண்ணாச்சி மாத்திட்டாரா? நல்லது’ என்பார்.

அந்த ‘நல்லது’ என் காதில் விழுந்துவிட்டது.

அடுத்த பத்தியில் விடுபட்டிருந்த ஒற்று ஒன்றைச் சேர்த்தேன். வாக்கியத்தைத் தொடவில்லை. அச்சுப்படியில் கையெழுத்திட்டு வெளியே வந்தேன். அவர் வீட்டுத் தெருமுனையைக் கடக்கும்போது, பால்கோவாக் கடை வாயிலில் அவரே நின்றிருந்தார். விடுமுறைக்கு வந்திருந்தார் போலும்.

“புரூபு பாக்க வந்தீயளா? மாத்திட்டீயளா, அண்ணாச்சி?”

“ஓர் ஒற்று மட்டும்.”

முதன்முறையாக அவர் சிரிக்கவில்லை. “உங்களுக்கு எம்புட்டுப் பிடிவாதம்!” என்றார். குரலில் வருத்தம் இருந்தது என்று இன்று தோன்றுகிறது. அன்று, வென்றதாக நினைத்துக்கொண்டு பேருந்தேறினேன்.

மலர் வெளிவந்தது. புதிய ஒருங்கிணைப்பாளரின் பெயர் மட்டும் பலகையின் அடியில் சேர்ந்தது. அதன்பின் சில வாரங்கள் கழித்து அந்த அம்மையார் என்னை அழைத்துப் பலகையைக் காட்டினார்.

“ஐயா, மேல இவ்வளவு இடம் சும்மா கிடக்கு, அசிங்கமா தெரியுது. பல்கலைக்கழக இலச்சினையை வரையச் சொல்லட்டுமா? பெயிண்டர் நாளைக்கு வாரேன்னிருக்காரு.”

“வேண்டாம்” என்றேன். நான் கருதியதைவிட உரக்க ஒலித்திருக்க வேண்டும். படியில் இறங்கிக்கொண்டிருந்த மாணவர் இருவர் திரும்பிப் பார்த்தனர்.

“ஏன் ஐயா?”

காரணம் சொல்ல வேண்டியிருந்தது. தலைமைப் பதவிகளின் பெயர்ப்பலகையில் இலச்சினை இடுவது மரபன்று என்றேன். அப்படி ஒரு மரபு எங்கும் இல்லை. அவ்வரலாற்றை எழுதிய எனக்குத் தெரியாதா? அவர் நம்பினார்.

அவ்விடம் அப்படியே இருந்தது. ஓய்வு பெறும்வரை நாள்தோறும் மாடிப்படி ஏறும்போது அதைப் பார்த்தேன். இப்போதும் அப்பக்கம் செல்ல நேர்ந்தால் உள்ளே சென்று பார்த்துவிட்டு வருகிறேன். ஒரு சாண். என் பெயர் அதில் சரியாக அமையும்.