வண்டியிலேயே இருந்தவர்

ஈரச் செய்தித்தாளால் ஒரு முறை, காய்ந்த செய்தித்தாளால் ஒரு முறை. மேலிருந்து கீழாக, ஓரம் விடாமல். காலை ஏழு மணிக்கு அவர் கைகளுக்கு அதுதான் வேலை. கட்டிலை ஒட்டி நிற்கும் ஆக்சிஜன் மெஷினின் முகப்பை, பேருந்தின் முன்கண்ணாடியைத் துடைப்பது போலத் துடைப்பார். நாலு இழுப்பு இழுத்ததும் மூச்சு வாங்கும். நிறுத்துவார். மறுபடி ஆரம்பிப்பார். உதட்டின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நான் சும்மா நிற்பேன். நோயாளி தன் கையால் செய்ய முடிகிற வேலையைப் பிடுங்கக் கூடாது என்று பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

"கண்ணாடி சுத்தமா இருந்தாத்தான் ரோடு தெரியும், கண்டக்டரம்மா" என்பார்.

கண்டக்டரம்மா நான்தான். வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். அறுபத்தாறு வயதாகிறது, இன்னும் முதுகு பிடிக்காமல் ஆளைத் தூக்கி உட்கார வைப்பேன். எழலாம், போதும், படுங்கள் என்று நான் சொல்வது விசில் கொடுப்பது போல இருக்கிறதாம். அதனால் அந்தப் பெயர். நான் அவரை டிரைவர் சார் என்று கூப்பிட்டேன்.

முப்பத்தொரு வருடம் சுற்றுலாப் பேருந்து ஓட்டியவர். அருவி, அணை, கோட்டை, மலை உச்சி என்று ஆட்களைக் கொண்டுபோய் இறக்காத இடமில்லை. அவர் பார்த்ததெல்லாம் அந்த இடங்களின் பார்க்கிங் மட்டும்தான். வண்டிக்குள் எல்லோருடைய பைகளும் இருக்கும், ஆகவே டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது கம்பெனியின் சட்டம். டயரைத் தட்டிப் பார்ப்பார், உள்ளே கூட்டுவார், சீட்டுகளுக்கு நடுவே துண்டை விரித்துப் படுப்பார். மூன்று மணி நேரம் கழித்துப் பயணிகள் முகமெல்லாம் பளபளக்கத் திரும்பி வருவார்கள். படியில் ஏறும்போது யாராவது ஒருவர் தவறாமல் நின்று ஆறுதல் சொல்வார்.

"ஒண்ணும் பெருசா இல்ல டிரைவர். நீங்க வராததே நல்லது. நடந்து நடந்து கால்வலிதான் மிச்சம்."

சொல்லிவிட்டு ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் குரலை அவர் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார்.

"முப்பத்தோரு வருஷத்துல எவனும் எனக்கு ஒரு நல்ல இடத்தைச் சொன்னதில்லம்மா. நான் கூட்டிட்டுப் போன எல்லா இடமும் மட்டம்தான். பழம் மட்டும் நல்லா இருக்கும்."

ஓய்வு பெற்றதும் தனக்கும் மனைவிக்கும் ஆஸ்திரேலியா, ஃபிஜி சுற்றுலாவுக்குப் பதிவு செய்தார். பதினாறு நாள், வழிகாட்டியோடு. மூன்றாவது வரிசை, ஜன்னல் சீட்டு வேண்டும் என்று எழுதியே வாங்கிக்கொண்டார். வேறு எவனாவது ஓட்டட்டும், நான் இறங்கிப் பார்க்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். பயணத்துக்கு நாலு மாதம் இருக்கையில் இருமல் வந்தது. நுரையீரல் காய்ந்த பஞ்சு மாதிரி இறுகிக்கொண்டு வருகிறது, இதற்குத் திரும்பும் வழி கிடையாது என்றார்கள். விமானத்தில் ஏறவே கூடாது என்றார்கள்.

மனைவி பயணத்தை ரத்து செய்யப் போனாள். அவர் மாத்திரை சாப்பிட மறுத்தார். ஒரு நாள் இல்லை, மூன்று நாள்.

"நீ போய்ப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு. நீ சொல்றதுதான் நான் பார்க்கிறது. இதுக்கு மேல எனக்கு வேற டிக்கெட் கிடையாது."

கடைசியில் அவர் சீட்டில் மச்சினியை உட்கார வைத்து, இரண்டு பேரையும் அனுப்பினார். என்னை வீட்டில் வைத்தார்கள். பயண அட்டவணையைச் சுவரில் ஒட்டச் சொல்லி, தினமும் பென்சிலால் ஒரு கோடு போடுவார். இன்றைக்கு சிட்னி பாலம், இன்றைக்குக் கடலோரச் சாலை, இன்றைக்கு பெங்குவின். அவள் கிளம்பும்போது என் தோளைப் பிடித்துக் குளியலறை வரை நடந்தவர், அவள் திரும்பியபோது கட்டில் ஓரத்து நாற்காலிக்கு மாறவே பத்து நிமிடம் எடுத்தார். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. அட்டவணையில் எல்லா வரிக்கும் கோடு விழுந்திருந்தது.

அவள் வந்த மறுநாளிலிருந்து மாலை நாலு மணிக்குக் கதை. அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ம், முதல் நாள்" என்றார்.

"முதல் நாளா? மழைங்க. பாலமும் தெரியல, ஒண்ணும் தெரியல. குடையைப் பிடிச்சே கை விட்டுப்போச்சு."

"அந்த வெள்ளைக் கட்டடம்? சிப்பி ஓடு ஓடா நிக்குமே."

"படத்துல பார்க்கிறதுதான். கிட்டப் போனா குளியலறை டைல்ஸ் மாதிரி இருக்கு."

அவர் சிரித்தார். மறுநாள் கடலோரச் சாலை.

"ஒரே வளைவு. தங்கச்சி வாந்தி எடுத்துட்டே வந்தா. எனக்கு அவ முதுகைத் தடவவே நேரம் சரியாப் போச்சு."

பெங்குவின்?

"இருட்டுற வரைக்கும் குளிர்ல உட்கார வச்சாங்க. கடைசியில காக்கா சைஸுல ஒரு பத்து வந்துச்சு. அதுக்குப் போய் அவ்வளவு கூட்டம். நீங்க வராததே நல்லதுங்க."

நான் அவர் குதிகாலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசி வார்த்தை விழுந்ததும் பாதம் என் கையில் கொஞ்சம் விறைத்தது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அடுத்த நாளைச் சொல்லு என்றும் கேட்கவில்லை.

அவள் ஊர் திரும்பிய எட்டாம் நாள் காலை எதிர்வீட்டு டீச்சர் வாசலில் நின்று அவளைப் பிடித்துக்கொண்டார். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் சிரிப்பது கேட்டது. அடக்கமான சிரிப்பு இல்லை, மூச்சு முட்டும் சிரிப்பு.

"பெங்குவின் இருக்கே டீச்சர், கல்யாண வீட்டுக்கு லேட்டா வந்த சொந்தக்காரங்க மாதிரி குடுகுடுன்னு ஓடி வருது, ஒண்ணு விழுந்தா எல்லாம் நிக்குது! நான் குளிரையே மறந்துட்டேன். அப்புறம் ஃபிஜில எங்க டிரைவர் என்ன பண்ணார் தெரியுமா..."

அந்த நேரம் பார்த்து மெஷின் கூவியது. அவர் அந்தப் பக்கம் கேட்பதற்காகத் தலையைத் திருப்பியதில் குழாய் தோளுக்கடியில் மடங்கிவிட்டது. நான் அவரைத் தூக்கிக் குழாயை நேராக்கினேன். அவர் என் கையைத் தள்ளி, சத்தம் போடாதே என்று சைகை காட்டினார். மெஷின் அடங்குவதற்குள் டீச்சர் தன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார். கதையும் போயிற்று.

அன்று நாலு மணிக்கு அவராகவே ஆரம்பித்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

"ஃபிஜில... டிரைவர்... எப்படி?"

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். "டிரைவர் டிரைவர்தான். ஓட்டினார், நிறுத்தினார். அதுல சொல்ல என்ன இருக்கு? அங்க ஒரே கொசுங்க."

அவர் அட்டவணையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சியை வாங்கவில்லை. இரவுக்கான மாத்திரையை நான் வாயில் போடும்போதுதான் பேசினார்.

"என்னை மறுபடி... பார்க்கிங்லயே... நிறுத்திட்டா."

மறுநாள் காலை அவர் மெஷினைத் துடைக்கவில்லை. செய்தித்தாள் பக்கத்திலேயே இருந்தது. அதற்கடுத்த நாளும் துடைக்கவில்லை. விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவை எண்பதுக்குக் கீழே காட்டியது. மருத்துவர் வந்து மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்க மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு, மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்றார். எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை. நான் வாசலில் நிறுத்திக் கேட்டுக்கொண்டேன். ஒரு நாளோ இரண்டு நாளோ என்றார்.

சமையலறைக்குப் போனேன். அவள் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சருக்குச் சொன்ன கதையை அவருக்கு ஏன் சொல்லலை?"

அவள் குழாயை மூடினாள். "காதுல விழுந்துச்சா?"

"பாதி விழுந்தது. மீதிக்குத்தான் ரெண்டு நாளா சாப்பிடாம கெடக்கார்."

"எப்படிக்கா சொல்றது? இவரு வாழ்நாள் பூரா வண்டியிலயே உட்கார்ந்திருந்தாரு. இப்ப மூக்குல குழாயோட படுத்திருக்காரு. இவர்கிட்டப் போய், ஆகா அப்படி இருந்துச்சு, இப்படி இருந்துச்சுன்னு நான் ஆடணுமா? அதான் எல்லாத்தையும் மட்டம் தட்டினேன். ஏக்கம் இல்லாமப் போகட்டும்னு."

"அவருக்கு ஏக்கம் வேணும்மா. அதுக்குத்தான் மாத்திரையைத் துப்பி உன்னை அனுப்பினார்."

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். அது உருண்டு தொட்டிக்குள் விழுந்தது.

"இன்னொண்ணும் இருக்குக்கா. அந்த ஃபிஜி நாள்ல நான் இவரை ஒரு தடவைகூட நினைக்கல. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். போன்கூடப் பண்ணல. அதைச் சொல்லாம அந்தக் கதையை எனக்குச் சொல்லத் தெரியாது."

அந்த நாள் எனக்கும் நினைவிருந்தது. அவர் போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டே தூங்கிப்போன நாள். அதை அவளிடம் சொல்லவில்லை. அதனால் இப்போது யாருக்கும் பயன் கிடையாது.

"அதையும் சேர்த்தே சொல்லு. இன்னிக்கே சொல்லு. நாளைக்குன்னு வச்சா நீ சுவத்துக்குத்தான் சொல்லணும்" என்றேன்.

நாலு மணிக்கு நான் அவரை மூன்று தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். மருந்து அரைக் கண்ணை மூடியிருந்தது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஃபிஜி டிரைவர் கதை சொல்றேன். அந்த ஆளு மலை மாதிரி இருப்பாரு. காதுல பூ வச்சிருப்பாரு."

"என் காதுல... சுத்தாம... இருந்தா சரி."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலிருந்துதான் கதை சரியாக வந்தது.

"படகுத் துறைக்குப் போயிட்டிருக்கோம். நடுவுல ஒரு இடத்துல படக்குனு நிறுத்திட்டாரு. அட்டவணையில இல்லாத இடம். கைடு கத்துறாரு, நேரமாச்சு, எடு எடுன்னு. இவரு கேட்கவே இல்ல. எல்லாரும் இறங்குங்கன்னு கையைக் காட்டுறாரு. தென்னை மரத்தைத் தாண்டினா கடல். கடல்னா அலையே இல்லைங்க, தட்டுல ஊத்தி வச்ச மாதிரி. கால் நகம் தெரியுது, அதைச் சுத்தி நீல நீலமா மீன். நாங்க எல்லாம் செருப்பைக் கழட்டிட்டு இறங்கிட்டோம். திரும்பிப் பார்த்தா டிரைவரும் வர்றாரு."

அவர் கண்கள் முழுதாகத் திறந்தன.

"பாவாடை மாதிரி ஒண்ணு கட்டியிருந்தாரு, அதை முழங்காலுக்கு மேல தூக்கிச் சொருகிட்டு எங்களோட வந்து தண்ணியில நிக்கிறாரு. கைடு கரையில நின்னு தலை எண்ணுறாரு. ஒண்ணு கூட வருது! மறுபடி எண்ணுறாரு. மறுபடியும் ஒண்ணு கூட. யாருய்யா அது, வேற வண்டி ஆளான்னு கத்துறாரு. பார்த்தா, டிரைவரையும் சேர்த்து எண்ணிட்டாரு."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, நான் முதுகைப் பிடித்துக்கொண்டேன். மெஷினை ஒரு புள்ளி ஏற்றினேன். ஐந்து நிமிடம் ஆயிற்று அடங்க. அவள் பயந்து எழுந்தாள். அவர் அவள் புடவையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அங்க நின்னப்போ உங்க ஞாபகமே வரலைங்க" என்றாள் அவள். "அன்னிக்கு முழுக்க வரல."

"சரி... மேல சொல்லு."

"அவ்வளவுதான். அரை மணி நேரம் நின்னோம்."

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார். எதற்கென்று எங்களுக்குத் தெரியவில்லை.

"வண்டியைப்... பூட்டினானா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"தெரியலைங்க. நான் வண்டிப் பக்கம் திரும்பவே இல்ல."

"உள்ள... பையெல்லாம்?"

"இருந்துச்சு. எல்லார் பையும்."

"பைத்தியக்காரன்" என்றார். அவர் ஒருவரை அப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை. "கேட்டு... சொல்லு."

மருந்து கொடுத்தேன். இரண்டு கரண்டி கஞ்சி இறங்கியது. தூங்கினார்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பார்த்தபோது ஆள் எழுப்ப எழவில்லை. நகங்கள் கறுத்திருந்தன. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருபது எண்ணினேன். அவளைக் கூப்பிடப் போனால், அவள் அதற்கு முன்பே எழுந்து தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"போட்டோ இருக்கா பாருடி. தண்ணியில நின்னோமே, அது. நம்ம மூஞ்சி வேண்டாம், பின்னாடி வண்டி தெரியணும்."

படம் வந்தது. இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். தென்னைகளுக்கு நடுவே பேருந்து நின்றது. கதவு திறந்தே கிடந்தது. ஓட்டுநர் சீட்டில் ஆளில்லை.

நான் நிலைமையைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போய் அவர் காதருகே குனிந்தாள்.

"பூட்டலைங்க. கதவு திறந்தே கெடந்துச்சு. யாரும் ஒண்ணும் எடுக்கல."

இமை அசையவில்லை. கேட்டிருக்குமா என்று அவள் என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன்.

ஒன்பது பத்துக்கு மூச்சு நின்றது. மெஷினை அணைத்தேன், மூக்குக் குழாயை எடுத்தேன், தாடையைத் துணியால் கட்டினேன். மருத்துவர் வந்து எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். ஆட்கள் வருவதற்குள் உடம்பைத் துடைத்துவிட வேண்டும், விறைத்துவிட்டால் சட்டை மாட்டுவது கஷ்டம். வெந்நீர் கொண்டுவரச் சொன்னேன். நானே செய்கிறேன் என்றாள், சரி என்று துண்டைப் பிழிந்து கொடுத்தேன். முகம், கழுத்து, கைகள் என்று ஒழுங்காகத் துடைத்துக்கொண்டு வந்தாள். வலது காலுக்கு வந்தபோது நிறுத்தினாள். வீங்கிய முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே ஈரத் துண்டால் ஒரு கோடு இழுத்தாள்.

"தண்ணி இதுவரைக்கும்தாங்க இருந்துச்சு" என்று அவரிடம் சொன்னாள்.

இடது காலையும் துடைக்கச் சொன்னேன்.