பந்தைத் தலையால் முட்டாத ஐந்து மாதம்

அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியிலும் நான் ஆடினேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் ஓர் உயரப் பந்துக்காக நானும் எதிரணி ஆட்டக்காரன் ஒருவனும் ஒன்றாக எழும்பினோம். மண்டையும் மண்டையும் மோதின. நெய்யாற்றின்கரை மைதானத்துச் சேறு வாய்க்குள் போனது வரைக்கும் தெரியும். அதன்பின், அந்தக் காலத்து வழக்கப்படி முகத்தில் ஒரு சோடாவைப் பீய்ச்சி, இன்னொன்றைக் குடிக்கக் கொடுத்து, என்னைத் தூக்கி நிறுத்தினார்களாம். நான் நடுவரைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னேனாம். "கெட்ட வார்த்தை ஏசுதான் பாத்தியா, ஆளு சரியாயாச்சு" என்று ஆட விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஏசாத என்னை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் ஓர் அரசாங்க இலாகாவின் கால்பந்துக் குழுவில் இருந்தேன். ஆடுவதற்கென்றே எடுக்கப்பட்டவன். ஆபீசில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. அதில் நான் உட்கார்ந்து யாரும் கண்டதில்லை. வேலை தற்காலிகம். பின்வரிசையின் நடுவில் நின்று, வருகிற உயரப் பந்தையெல்லாம் தலையால் முட்டித் திருப்புவதுதான் என் பிழைப்பு. அடிபட்டதும் அந்தத் தலையில்தான்.

மூளை குலுங்கியிருக்கிறது என்றார் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர். முதலில் இருட்டறையில் படுக்கை, பிறகு நடை, பிறகு ஓட்டம், பிறகு காலில் பந்து, எல்லாம் ஒழுங்காக நடந்தால் கடைசியில் தலையில் பந்து. எந்தப் படியில் வலி வந்தாலும் முந்தின படிக்கு இறங்கிவிட வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். அதைத் தலைதான் சொல்லும் என்றார்.

பாலராமபுரத்தில் என் மனைவியின் வீட்டில் போய்ப் படுக்கலாம் என்று பார்த்தால் அங்கே நாலு தறி. ஒவ்வொரு அடியும் நெற்றியில் விழும். பாறசாலையில் எங்கள் வீட்டிலேயே படுத்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் தமிழருக்கா மலையாளிகளுக்கா என்ற எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம் அது. எங்கள் ரோட்டில் காலையில் தமிழில் கோஷம் போனால் மாலையில் மலையாளத்தில் பதில் கோஷம் வரும். நான் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு இரண்டு மொழியிலும் ஏசினேன். எல்லையைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு. ஆனால் படுத்திருந்த மூன்று வாரமும், யார் வாயை மூடுகிறார்களோ அவர்கள் கட்சி நான்.

மூன்றாவது வாரம் எங்கள் குழுவின் மேனேஜரிடமிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க இலாகாவின் பெரிய அதிகாரி வருகிறார். நான் ஆடினால் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் என் இடத்துக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும். படித்த நிமிஷமே எனக்குச் சரியாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். டாக்டரிடம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவியின் அண்ணனைக் கூட்டிக்கொண்டு தனுவச்சபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். அவர் தறிக்காரர், பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் சொன்ன இடத்தில் எறிவார். ஏழாவது பந்தை முட்டியதும் இரண்டு கோல்கம்பங்கள் நாலாகத் தெரிந்தன.

"மாப்பிள, போரும். மொகம் வெளுத்திட்டு."

"இன்னும் மூணு. எறியுங்க மச்சான்."

பத்தையும் முட்டிவிட்டு மதிலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். தங்கையிடம் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன்.

எங்களைப்போன்ற மிஷன் சபைக் குடும்பங்களில் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம் உண்டு. வீட்டுத் தலைவன் கண்ணை மூடி, வீட்டார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் என் மனைவிதான் ஜெபித்தாள். எனக்குச் சரியாகிவிட்டது என்று காட்டுவதற்காக அந்த வெள்ளிக்கிழமை நான் ஜெபிக்கிறேன் என்றேன். பெயர்கள் நழுவுவது எனக்கே தெரிந்திருந்தது. அதனால் எட்டுப் பெயரையும் இடது உள்ளங்கையில் மையால் எழுதி வைத்திருந்தேன். பாதிக் கண்ணைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பெயர் வியர்வையில் கலைந்திருந்தது. அங்கே நின்றுவிட்டேன். நிமிர்ந்தால், என் மனைவி கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"கடைசியில உள்ளது யாருக்க பேராக்கும்?" என்று கேட்டாள். "கைய மடக்கிட்டுச் செல்லுங்க."

அது எங்கள் மகளின் பெயர். பிறந்து மூன்று மாதம். இந்தப் பெயர்தான் வைக்க வேண்டும் என்று மனைவியின் குடும்பத்தோடு மல்லுக்கு நின்றவன் நான். முதல் எழுத்துகூட வரவில்லை. அன்று பயந்ததுபோல வாழ்க்கையில் வேறெப்போதும் பயந்ததில்லை. மனைவி பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்து என் மடியில் வைத்து, பெயரைச் சொன்னாள்.

"இனி பந்து களிக்கப் போணும்னா போவுங்க. நான் தடுக்கல்ல."

விடிந்தால் சனிக்கிழமை. போராட்டத்துக்காக ஹர்த்தால் என்று சொல்லி ரோட்டில் கல்லை அடுக்கிவிட்டார்கள். பஸ் இல்லை. மச்சானுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

"மாப்பிளைக்கு நல்ல காலமாக்கும்! பஸ்ஸு ஓடல்லேன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. எடம் எங்கயும் போவாது. அடுத்த களிக்கு விளிப்பாங்க."

அவர் சொன்னது சரிதான். அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் நான் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும். அந்த வழியை நானே அடைக்க வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். பஸ் ஓடியிருந்தாலும் வந்திருக்க மாட்டேன், நேற்று என் பிள்ளையின் பெயர் எனக்கு மறந்துவிட்டது, இந்தத் தலையோடு ஆட முடியாது, சரியானதும் நானே வந்து சொல்கிறேன் என்று எழுதிப் போட்டேன்.

பத்து நாளுக்குப் பிறகு பதில் வந்தது. ஹர்த்தாலால் அந்தச் சனிக்கிழமை ஆட்டமே நடக்கவில்லை. அடுத்த வாரம்தான் நடந்தது, அதிகாரியும் அன்றுதான் வந்தார். என் இடத்தில் கொல்லத்துக்காரன் ஒருவன் ஆடினான், அவனை நிரந்தரமாக்கிவிட்டார்கள். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஏச ஆரம்பித்தேன். போராட்டத்தின் இரண்டு தரப்பையும் ஏசினேன், மச்சானை ஏசினேன், கடிதம் கொண்டுவந்த தபால்காரரையும் விடவில்லை. மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏசி முடிச்சாச்சா? செருப்பப் போடுங்க. நடக்க நேரமாச்சு."

நடந்தேன். முதலில் வீட்டு வாசல் வரை, பிறகு சர்ச் வரை, பிறகு சந்தை வரை. ஓட ஆரம்பித்ததும் வலி வந்தது, நடைக்கு இறங்கினேன். மறுபடி ஓடினேன், மறுபடி வலி. இந்த முறை படுக்கைக்கே இறங்கினேன். யார் சொல்லுக்கும் அடங்காதவன் தலைவலிக்கு அடங்கினேன். சில நாள் ஆத்திரத்தில் சுவரைக் குத்துவேன். மூன்றாவது தடவை ஓடியபோது வலி வரவில்லை. அதன்பின் காலில் பந்து. கடைசியாகத் தலையில் பந்து. நாளுக்கு இரண்டு, நாலு, பத்து. எறிந்தவர் அதே மச்சான்தான்.

ஐந்தாம் மாதம் திருவனந்தபுரத்தில் மேனேஜரின் முன்னால் போய் நின்றேன்.

"தலை எங்ஙனெ உண்டு?"

"பதினஞ்சு நாளா பந்து முட்டுதேன் சார். வலி இல்ல. கோல்போஸ்ட்டு ரெண்டாத்தான் தெரியுது."

டாக்டரின் கடிதத்தை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"அது வேண்டா. நீ சொன்னா மதி."

அந்தக் கடிதம் எழுதியவனின் வாய்ச்சொல்லே அவருக்குப் போதுமாம். ஆனால் பின்வரிசை நடுவில் இப்போது கொல்லத்துக்காரன் நின்றான். எனக்கு இரண்டாவது அணியில் இடது ஓரம். வேலை மறுபடியும் தற்காலிகம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு ஜெர்சியைப் போட்டேன். திரும்பி வந்த முதல் ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஓர் உயரப் பந்து என்னைப் பார்த்து இறங்கியது. எதிரணிக்காரனும் ஓடி வந்தான். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் போகட்டும் என்று காத்திருந்தால் இன்றைக்கும் தரையிலேயே நின்றுகொண்டிருப்பேன். பயந்துகொண்டேதான் எழும்பினேன். பந்து எனக்குத்தான் கிடைத்தது.