மூன்றாம் பந்திக்கும் சூடான குதிரைவாலி

“மாஸ்டர், புதன்கிழமை போடுற ஆட்டுக்கறியை நிப்பாட்டிருங்க” என்றார் மேனேஜர்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் கேன்டீன் மாஸ்டராக இருந்த நேரம். அவரே விளக்கமும் சொன்னார். “நூல் வாங்குற வெளிநாட்டுக் கம்பெனி சாப்பாட்டுக்கும் கார்பன் கணக்கு கேக்குது, பூமியச் சூடாக்குற வாயு எதுல எவ்வளவு வருதுன்னு. ஆட்டுக்கறிதான் அதுல பெரிய ஆளு. வயல்ல தண்ணி நின்னு வாயு கெளம்புறதால நெல்லுக்கும் அதுல பங்கு உண்டு. நம்ம பக்கத்துத் தானியம், பயறு வச்சு ஒரு வாரம் போடுங்க. சோறு வீணாப் போச்சுன்னா கேன்டீனை வெளியாளுக்கு விட்டுருவாங்க.”

என்னோடு சமைத்த பெண்கள் திருச்சுழியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். அவர்களுக்கு அந்த அடுப்புதான் பிழைப்பு.

முதல் நாள் குதிரைவாலிச் சோறும் மொச்சைக் குழம்பும். அரிசியைப் போலவே எல்லோருக்கும் ஒரே அண்டாவில் பொங்கி வைத்தேன். எங்கள் மில்லில் மதியம் மூன்று பந்தி. மூன்றாவது பந்தி உட்காரும்போது சோறு ஆறிக் கட்டிபிடித்துக் கிடந்தது.

ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த மாரியம்மாள் தட்டைத் தள்ளி வைத்தார். “என்னண்ணே, கோழிக்குக் கலக்குனத எங்களுக்கு வச்சுட்டீகளா? எங்கய்யா காட்டுல கெடந்து இதத் தின்னாரு. நான் மில்லுக்கு வந்தும் இதுதானா?”

பந்தியே சிரித்தது. மிச்சம் கொட்டும் வாளி நிரம்பிவிட்டது.

எனக்குத் தானியத்தின் மேல் கோபம். கூட சமைக்கும் செல்வி விடவில்லை. “பொங்கல ஆறவச்சா நீங்க திம்பீகளா? மொத பந்தித் தட்டப் பாருங்க, வழிச்சுத் தின்னுருக்காக.”

மறுநாள் பெரிய அண்டாவை விட்டு, பந்திக்கு ஒரு சின்ன அண்டா என்று மாற்றினேன். குதிரைவாலி சீக்கிரம் வெந்துவிடும். ஒரு பந்தி உட்கார்ந்ததும் அடுத்ததற்கு உலை வைத்தோம். மொச்சைக்குச் சோம்பும் சின்ன வெங்காயமும் வறுத்தரைத்துக் கறிக்குழம்புப் பக்குவத்தில் இறக்கினேன். மாரியம்மாள் வீட்டுச் சோற்றோடு வந்திருந்தார். குழம்பு மட்டும் வாங்கினார். கொஞ்ச நேரத்தில், “அந்தச் சோத்துலயும் ஒரு கரண்டி வைங்க, சும்மா பாப்போம்” என்றார்.

வாரக் கடைசியில் மேனேஜர் வாளியை எட்டிப் பார்த்தார். கறிவேப்பிலையும் மிளகாய்க் காம்பும்தான் கிடந்தன. “நீங்களே நடத்துங்க மாஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குக் கை கழுவ வந்த மாரியம்மாள் சொன்னார்: “கறிய நிப்பாட்டுனது எனக்கு இன்னும் கோவந்தாண்ணே. ஆனா மூணாம் பந்திக்குச் சுடச்சுடச் சோறு இந்த மில்லுல இப்பத்தான் பாக்குறேன்.”

அதுவரை கடைசிப் பந்திக்கு நான் அரிசிச் சோற்றையும் ஆறவிட்டுத்தான் போட்டிருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. சமையலுக்கு வரும் பிள்ளைகளே, பூமிக்கு நல்லது என்று சொல்லி யாரையும் ஒரு வாய் கூடச் சாப்பிட வைக்க முடியாது. கடைசியில் வருகிறவரை நினைத்து உலை வையுங்கள். தட்டு தானாகக் காலியாகும்.