மாலை போட்ட டைனோசர்

எங்கள் வீட்டில் படிப்புக்கு ஒரு உருவம் இருந்தது. தலை குனிந்திருக்க வேண்டும், மடியில் புத்தகம் விரிந்திருக்க வேண்டும், உதடு அசைய வேண்டும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது. நான் என்ன படிக்கிறேன் என்பதை அவர்களால் பார்க்க முடியாது. படிக்கிறேனா என்பதை மட்டும்தான் பார்க்க முடியும். தலையை நிமிர்த்தி விட்டத்தைப் பார்த்து ஒரு கணக்கை யோசித்தால் போதும், "படிக்கலயா கண்ணு?" என்று தறிச் சத்தத்துக்கு மேலே அம்மாவின் குரல் வரும். அவரைக் குறை சொல்ல முடியாது. யோசிப்பதும் சும்மா இருப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

இப்போது கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணினியில் வரைபடம் போடுகிறேன். வேலை முடிந்து கருமத்தம்பட்டிக்குத் திரும்பியதும், எங்கள் தெருச் சமுதாயக் கூடத்தில் தறி ஓட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்த உருவத்தையே அவர்களிடமும் எதிர்பார்த்தேன். பிள்ளைகள் குனிந்தார்கள். உதடுகள் அசைந்தன. கணக்கு மட்டும் வரவில்லை.

டைனோசர் வந்தது என் கைப்பேசியிலிருந்து. அதில் ஒரு விளையாட்டு உண்டு: கழித்தலைச் சரியாகப் போட்டால் நம் டைனோசர் ஓடித் தப்பும், தப்பாகப் போட்டால் பின்னால் வருவது கடித்துவிடும். பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. ஆனால் ஒரு போனை அத்தனை பேர் பிடுங்கினால் என்ன ஆகும்? தினமும் அழுகை. அதனால் விளையாட்டைத் தரைக்கு இறக்கினேன். சந்தைக் கடையில் பிளாஸ்டிக் டைனோசர்கள் கிடைத்தன. சாக்பீஸால் காடு வரைந்தோம். நூல் தீர்ந்த அட்டைக் கோன்களைக் கவிழ்த்து வைத்தால் எரிமலைகள். புளியங்கொட்டைகள்தான் முட்டை. தாயக்கட்டையில் விழுகிற எண்ணுக்கு, கறி தின்னும் டைனோசர் ஒரு கூட்டிலிருந்து முட்டைகளை எடுக்கும். எடுத்தபின் எத்தனை மிஞ்சும் என்று கூட்டுக்காரர் முன்னதாகச் சொல்லிவிட்டால் முட்டை தப்பிக்கும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மிருகத்திடமும் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

"ஏனுங்க டைனோசரு, என்ற கூட்டுக்கே வாரீங்களே, அக்கட்டால போங்க."

"பசிக்குதுங்க. நாலு முட்டை குடுத்துப்போட்டீங்கன்னா போயிருவேனுங்க."

நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே தார் சுற்றுகிறார், அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சிறு குழல்களில் மிஷின் வைத்து நூல் ஏற்றுகிற வேலை. சிறுமிக்குக் கேள்வி என்றாலே பயம். கேட்டு முடிப்பதற்குள் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவாள். "ஏழுங்க. இல்லீங்களா? அப்ப ஒம்பதுங்க." கேள்வி எப்படியாவது போனால் சரி என்பதுபோல, கோழி விரட்டுகிற வேகத்தில் சொல்வாள்.

அவளுடைய அம்மா என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்: "தைப்பூசம் வரைக்கும் பாக்கறேனுங்க தம்பி. அதுக்குள்ள மண்டைல ஏறலீன்னா, சாயங்காலத்துல என்ற கூட ஒக்காந்து தார் சுத்தட்டும். எனக்கும் ஒத்தாசையா இருக்கும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கவலையாக இருந்தது. ஒருமுறை மிஷின் பக்கம் உட்கார்ந்துவிட்ட பிள்ளைகள் திரும்பி வருவது அபூர்வம்.

தை பிறந்தது. பழனிக்கு நடக்கிறவர்கள் மாலை போட்டார்கள். அப்பாவோடு சேர்ந்து சிறுமியும் மாலை போட்டிருந்தாள். அன்று கறி தின்னும் டைனோசராக இருப்பது அவள் முறை. பொம்மையை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாலை போட்டிருக்கறேனுங்கண்ணா. நான் எப்படிங்க முட்டை திங்கறது?"

"புளியங்கொட்டைதானே அம்மணி."

"முட்டைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"சாமி கறி திங்காது, எலை தழை திங்கட்டும்," என்று ஒரு பையன் கேலி செய்தான். இன்னொருத்தி, "சாமிக்கு இந்த மாசம் லீவு உட்டுருங்கண்ணா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ, கறி தின்கிறது ஒன்று இல்லாவிட்டால் கழித்தலே இல்லையே என்ற தவிப்பு.

சிறுமி அட்டைக் கோனில் ஒட்டியிருந்த பச்சை நூலைப் பிய்த்து, அந்தப் பெரிய வாய் டைனோசரின் கழுத்தில் கட்டினாள். "இதுக்கும் மாலை போட்டாச்சுங்க. இனி இது அன்னதானம் போடும்."

தைப்பூச நடையில் வழியெல்லாம் பந்தல்; அன்னதானம் எப்படி நடக்கும் என்று இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புளியங்கொட்டைகள் எல்லாம் டைனோசருக்கு முன்னால் குவிந்தன. சுற்றிலும் பந்தி உட்கார்ந்தது. எல்லா இலைக்கும் சமமாக விழ வேண்டும். ஆளுக்கு எத்தனை, குவியலில் மிச்சம் எத்தனை என்று பரிமாறும் முன்பே சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டதும் பிள்ளைகள்தான். கழித்தலுக்கு வைத்த விளையாட்டு என் கையை விட்டு வகுத்தலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சொல்லுங்க சாமி, ஆளுக்கு எத்தன?" என்றான் கேலி செய்த பையன்.

"இருங்க, யோசிக்கறேன்," என்றாள் அவள்.

அந்த வார்த்தையை அவள் வாயில் அதுவரை நான் கேட்டதில்லை. டைனோசரை மார்போடு அணைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, கூரைத் தகரத்தைப் பார்த்தபடி நின்றாள். சரியாக அந்த நேரத்தில்தான் அவளுடைய அம்மா வாசலுக்கு வந்தார். அவர் கண்ணால் பார்த்தால் அங்கே என்ன இருந்தது? தரையில் புளியங்கொட்டை, கையில் பொம்மை, மேலே பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை.

"இதுக்காங்க தம்பி அனுப்பறேன்? ஊட்டுல இதே வெளயாட்ட வெளயாடிக்க மாட்டாளா?" என்றார். "வா கண்ணு" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். டைனோசர் பந்தியின் நடுவில் கிடந்தது.

மறுநாள் சிறுமி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வராததால் அவள் வீட்டுக்குப் போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி முடித்த தார்களை அவள் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி, ஒக்காருங்க. நீங்க சின்னதுல புஸ்தகத்த உட்டுத் தல தூக்க மாட்டீங்கன்னு உங்கம்மா சொல்லுவாங்க. அப்படிப் படிச்சவரு, என்ற புள்ளைக்குப் பொம்மையக் குடுத்துப்போட்டீங்களே."

சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவள் கழித்தலில் தேறிவிட்டாள் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. "இன்னும் கணக்கு வரலீங்கக்கா," என்றேன். "முன்ன கேட்ட உடனே ஏதாச்சும் சொல்லிப்போடுவா. அன்னைக்கு மொத தடவையா இருங்கன்னு சொல்லி யோசிச்சாளுங்க. நீங்க வந்தப்ப அவ சும்மா நிக்கலீங்க."

அக்கா கையை நீட்டி மிஷினை நிறுத்தினார். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

"அம்மணி, இந்தப் பொட்டில ஆறு ஆறா ஏழு வரிசை அடுக்கிப்போட்ட. அப்பன் வந்து ரெண்டு வரிசைய எடுத்துட்டுப் போனா மிச்சம் எத்தன தாரு?"

சிறுமி பெட்டியைப் பார்த்தாள். அவள் வாய் வழக்கம்போல் திறந்தது. மூடிக்கொண்டது. "இரும்மா," என்றாள். தலை மேலே போயிற்று.

"எங்கடி பாக்கற" என்று வந்த சொல்லை அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டார். நின்ற மிஷின் மேல் கையை வைத்தபடி காத்திருந்தார். தார் சுற்றுகிறவர்கள் வேலை நடுவில் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

கடைசியில் அவள் சொன்ன முப்பத்திரண்டு சரியில்லை. அக்கா பெட்டியில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். "ரெண்டு எச்சாச் சொல்றா," என்றார். பிறகு, என்னிடம் இல்லை, தனக்கே சொல்வதுபோல், "ஆனா கிட்டத்துல வந்துட்டா" என்றார். மிஷினை ஓட்டிவிட்டார்.

மறுநாள் மாலை சிறுமி வந்தாள். கூடவே அம்மாவும் வாசல்வரை வந்தார்.

"வெளயாடட்டுமுங்க தம்பி. ஆனா வாரவங்க போறவங்க பாக்கறாங்க. என்ற ஊட்டுக்காரரும் ஒருநா எட்டிப் பாப்பாரு. மடியில ஒரு புஸ்தகத்தையாச்சும் வெச்சுக்கச் சொல்லுங்க."

அன்றிலிருந்து எங்கள் பந்தியில் ஒரு சட்டம் கூடியது. எல்லோர் மடியிலும் கணக்குப் புத்தகம் விரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் அதைத் தட்டாக்கிக்கொண்டார்கள். டைனோசர் பரிமாறும் புளியங்கொட்டைகள் அதன்மேல்தான் விழுகின்றன. தரையில் உருண்டு ஓடுவதில்லை, எண்ணுவதற்கும் வசதி. தெருவில் போகிறவர்களுக்கு எல்லாத் தலைகளும் குனிந்திருப்பது தெரியும். நடுவில் யாராவது ஒருவர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.